கிராமபோனைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறீர்களா? சவுண்ட் பாக்ஸைக் கழற்றி வீட்டில் வையுங்கள்

மலையகத்தில் இன்னும் பல வீடுகளில் தாத்தா காலத்துக் கிராமபோன் இருக்கிறது. அதைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் முதலில் இதை வாசித்துவிடுங்கள். கண்டியில் ஒரு கடையில் எங்கள் மெஷினின் சவுண்ட் பாக்ஸை, அதாவது ஊசி பிடிக்கும் தலையை, மாற்றிவிட்டார்கள். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. இதே வேலை வேறு இடங்களிலும் நடக்கலாம் என்பதால் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

எங்களுடையது எச்.எம்.வி. (ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்) கம்பெனியின் 101. மூடிக் கையில் தூக்கிப் போகும் ரகம், 1925இல் வந்த மாடல். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த தாத்தா வாங்கியது. கிட்டப்பா, பாகவதர் ரெக்கோட்டுகள் எல்லாம் அதில்தான் கேட்டோம். மெயின் ஸ்பிரிங் உடைந்து போனது, அவ்வளவுதான். மற்றபடி மெஷினில் ஒரு குறையும் இல்லை.

ஸ்பிரிங் இருப்பது அடியில், மோட்டாருக்குள். சவுண்ட் பாக்ஸ் ஊசியைப் பிடித்துக்கொண்டு, ரெக்கோட்டின் மேல் நீளும் மெஷினின் கை நுனியில் உட்கார்ந்திருக்கும் வட்டமான தலை. ஸ்பிரிங் மாற்ற அதைத் தொடவே தேவையில்லை. ஆனாலும் கடைக்காரர், “முழு மெஷினையும் வச்சிட்டுப் போங்க தம்பி, சுத்தம் பண்ணித் தாரேன்” என்றார்.

திரும்பி வந்த மெஷின் நன்றாகச் சுற்றியது. பாட்டு மட்டும் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போல இருந்தது. பாகவதரின் மேல் ஸ்தாயி கிழிந்தது. ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் தட்டின் மேல் சாம்பல் நிறத்தில் தூள் படிந்திருந்தது. புது ஊசிதான் போட்டிருந்தேன். அந்தத் தூள் ரெக்கோட்டின் பள்ளங்கள் தேய்ந்து வந்தது. ஒருமுறை தேய்ந்தால் அந்தப் பாட்டு திரும்பாது. எனக்கு மனசு ஆறாதது இந்த இடத்தில்தான்.

கழற்றிப் பார்த்தேன். 101இல் எங்களிடம் இருந்தது 4ஆம் நம்பர் சவுண்ட் பாக்ஸ். அதன் நம்பர் அதிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. வந்ததில் நம்பரே இல்லை, பளபளவென்று புது முலாம். உள்ளே அதிர்ந்து சத்தம் எழுப்பும் மைக்காத் தகடு இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் தகடு. மைக்கா இயற்கைக் கனிமம், ஏடு ஏடாகப் பிரியும். பழைய தகட்டின் ஓரத்தில் அந்த ஏடுகள் விலகி வெள்ளியாக மின்னுவதைப் பார்க்கலாம். பிளாஸ்டிக்கில் அது வராது. ஊசி பிடிக்கும் கம்பியும் விறைத்து நின்றது. அந்தக் கம்பி ஆடாமலும் இறுகாமலும் மெல்லிய தொடுகைக்கே அசைய வேண்டும். இறுகிவிட்டால் ஊசி பள்ளத்தின் வளைவோடு போகாமல் அதன் சுவரை அறுக்கும்.

கேட்டதற்கு, “பழசு கெட்டுப் போச்சு, புதுசு போட்டிருக்கேன்” என்றார். பழையதைத் தாருங்கள் என்றேன். வீசிவிட்டாராம். கெட்டுப்போகும் பொருளா அது? பெரும்பாலும் கெடுவது தகட்டின் ஓரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் ரப்பர் குழாய் வளையம்தான். வயதானால் அது கல்லாகிவிடும், சத்தம் அதிரும். நேர்மையான பழுதுபார்க்கும் பாஸ் ஒருவர் செய்யும் வேலை இது: பின் தகட்டைக் கழற்றி, கல்லான ரப்பரைச் சுரண்டி எடுத்து, அதே தடிப்பில் மிருதுவான புதுக் குழாயை நுனியும் நுனியும் சரியாக முட்டும்படி வெட்டி வைத்து, மைக்காவை நடுவில் பொருத்துவார். கம்பி மைக்காவை இழுக்கவோ தள்ளவோ கூடாது. சின்ன ஆணியை முடுக்கி, அந்த இடத்தில் ஒரு பொட்டு தேன்மெழுகு வைத்தால் காற்று கசியாது. இதற்கு முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டிய அவசியம் ஏது?

அப்புறம்தான் தெரிந்தது, பழைய அசல் சவுண்ட் பாக்ஸைத் தனியாக விற்றாலே நல்ல காசு. எச்.எம்.வி. நாய்ப் படத்தோடு போலிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. படத்தைப் பார்த்து நம்பாதீர்கள்.

பதுளையில் இருக்கும் எங்கள் பெரியம்மாவின் மெஷினுக்கு அதே கடையில் வேறு விதமாக நடந்தது. அது 5ஆம் நம்பர் வகை, அலுமினியத் தகடு, உடல் துத்தநாகக் கலப்பு வார்ப்பு. அந்தக் கால வார்ப்பில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்திருந்தால் ஈரத்தில் உள்ளுக்குள்ளேயே அரித்து, வீங்கி, வெடிக்கும். நம் மலைப் பனியும் மழையும் அதற்குப் போதும். பின்னால் அதை மெஷினின் கையோடு இணைக்கும் ரப்பரும் இறுகியிருக்கும். அப்படிப்பட்டதை அந்தக் கையிலிருந்து முறுக்கி இழுத்திருக்கிறார்கள், உடைந்துவிட்டது. சூப்பர் குளூ போட்டு ஒட்டி, மேலே பெயின்ட் அடித்துத் தந்தார்கள். சொல்லவே இல்லை. ரப்பர் இறுகியிருந்தால் இழுக்காமல் விட்டுவிடச் சொல்லுங்கள், நீங்களும் இழுக்காதீர்கள்.

மோட்டார் வேலைக்குக் கொடுக்கும்போது சவுண்ட் பாக்ஸ் சுலபமாகக் கழன்றால் கழற்றி வீட்டில் வையுங்கள். கழலாவிட்டால் நம்பரும் முகமும் பின்பக்கமும் தெரியப் படம் எடுத்து, நம்பரைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகம் எதுவானாலும், உடைந்த ஸ்பிரிங் உட்பட, திரும்பத் தர வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் மெஷினை வைக்க வேண்டாம்.

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் யாரிடமாவது அசல் 4ஆம் நம்பர் சவுண்ட் பாக்ஸ் உதிரியாக இருந்தால் தெரியப்படுத்துங்கள். மைக்கா உடைந்திருந்தாலும் பரவாயில்லை, நியாயமான விலை தருகிறேன்.