மக்னீசியம் கிளைசினேட் மாத்திரை: டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்

மருந்துக்கடையில் மக்னீசியம் மாத்திரை கேட்டால் இப்போது பெரும்பாலும் கிளைசினேட் வகையைத்தான் எடுத்து வைக்கிறார்கள். டப்பாவின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் 1000 மி.கி. என்று இருக்கும். அது மக்னீசியத்தின் அளவு அல்ல. மக்னீசியமும் கிளைசின் என்ற அமினோ அமிலமும் சேர்ந்த உப்பின் மொத்த எடை அது. அந்த உப்பில் மக்னீசியம் நூற்றுக்கு 14 பங்குதான். ஆக 1000 மி.கி. உப்பில் இருப்பது சுமார் 140 மி.கி. மக்னீசியம். பின்பக்கம் பொடி எழுத்தில் ‘ஒரு வேளைக்கு 2 மாத்திரை’ என்று இருந்தால், ஒரு மாத்திரையில் 70 மட்டுமே.

பின்பக்கத்தில் ‘எலிமென்டல் மக்னீசியம்’ (உப்பின் எடை அல்ல, மக்னீசியத்தின் எடை மட்டும்) என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரி இல்லாத டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இருந்தால் ஒரு கணக்குப் போடுங்கள். 1000 மி.கி. கிளைசினேட்டில் 200 மி.கி. மக்னீசியம் என்று போட்டிருந்தால் அது 20 சதவீதம் ஆகிறது. சுத்தமான கிளைசினேட்டில் அவ்வளவு வர வழியே இல்லை. பெரும்பாலும் மக்னீசியம் ஆக்சைடைக் கலந்துதான் அந்த எண்ணைக் கொண்டுவருகிறார்கள். ‘பஃபர்ட்’ என்ற சொல் எங்காவது ஓரமாக இருந்தால் அதற்கும் இதுதான் பொருள். கலப்பதில் ஆபத்து இல்லை. ஆனால் கிளைசினேட் விலை கொடுத்து ஆக்சைடை வாங்குகிறோம்.

ஆக்சைடில் மக்னீசியம் 60 சதவீதம். அதனால் மாத்திரை சின்னதாக இருக்கும், விலையும் குறைவு. தண்ணீரில் அது கரைவதே அரிது என்பதால் குடல் கொஞ்சம்தான் எடுத்துக்கொள்ளும். மிச்சம் குடலிலேயே தங்கித் தண்ணீரை இழுத்து வயிற்றைக் கலக்கிவிடும். இன்னொரு வகையான மக்னீசியம் சிட்ரேட்டில் 16 சதவீதம். நன்றாக உறிஞ்சப்படும், மலத்தையும் இளக்கும். கிளைசினேட் வயிற்றை அதிகம் தொந்தரவு செய்வதில்லை, விலைதான் கூடுதல். மலச்சிக்கல் உள்ளவர்கள் சிட்ரேட் வாங்கலாம். எளிதில் கலங்கும் வயிறு உள்ளவர்களுக்குக் கிளைசினேட்டே சரி. குறையை நிரப்ப ஆக்சைடை மட்டும் நம்புவது எங்கள் பார்வையில் வீண்.

விலையை மாத்திரைக் கணக்கில் ஒப்பிடாதீர்கள். 60 மாத்திரை ₹600, ஒன்றில் 70 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். டப்பா முழுவதும் 4200 மி.கி.; அதாவது 100 மி.கி.க்கு ₹14க்கு மேல். எந்த இரண்டு டப்பாவையும் இப்படி நிறுத்துப் பார்த்தால் எது மலிவு என்று உடனே தெரிந்துவிடும்.

அந்தப் பணத்தைச் செலவழிக்கும் முன் சாப்பாட்டைக் கணக்கிடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஆண்களுக்கு நாளொன்றுக்கு 440 மி.கி., பெண்களுக்கு 370 மி.கி. தேவை. தீட்டிய அரிசி 100 கிராமில் இருப்பது சுமார் 20 மி.கி.தான், தவிட்டோடு பெரும்பகுதி போய்விடுகிறது. மூன்று வேளையும் சோறு, இட்லி, தோசை என்று ஓட்டுபவர்களுக்குப் பற்றாக்குறை இங்கேதான் தொடங்குகிறது. அதே நாளில் 60 கிராம் கேழ்வரகு மாவில் களியோ கூழோ செய்தால் 85 வரும். 50 கிராம் பச்சைப்பயறு சுண்டலில் 95, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் (30 கிராம்) 55, ஒன்றரை மேசைக்கரண்டி எள்ளுப்பொடியில் 50. இரண்டு வேளைச் சோற்றுக்கு 200 கிராம் அரிசி என்றால் அதில் 40. மொத்தம் 325. பெண்களுக்கு மீதி 45, ஆண்களுக்கு 115. ஒரு கீரைக்கூட்டும் பத்துப் பாதாமும் இதில் பெரும்பங்கை அடைத்துவிடும். கீரையை வேகவைத்த தண்ணீரை மட்டும் கொட்டிவிடாதீர்கள். மக்னீசியம் அதில் இறங்கியிருக்கும். பயறை முளைகட்டினால், மக்னீசியத்தை உறிஞ்ச விடாமல் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் குறைந்து, இருப்பது கூடுதலாக உடம்பில் சேரும்.

இதற்குப் பிறகும் பள்ளம் இருந்தால் மாத்திரை எடுக்கலாம். 100 மி.கி. எலிமென்டல் அளவில், சாப்பாட்டுக்குப் பின் தொடங்குங்கள். கூட்ட வேண்டுமென்றால் இரண்டு வேளையாகப் பிரியுங்கள். ஒரே தடவையில் அதிகம் போட்டால் உறிஞ்சப்படும் பங்கு குறையும். வயிறு இளகினால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். மாத்திரை, பொடி வழியாக மட்டும் நாளுக்கு 350 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க வரம்பு; ஐரோப்பாவில் 250. சாப்பாட்டிலிருந்து வருவதற்கு இந்த வரம்பு கிடையாது.

இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுப்பதற்கென்று இதை விற்கிறார்கள். வயதானவர்களுக்கு அதில் குறிப்பிடத்தக்க பலன் இருக்க வாய்ப்பில்லை என்றே 2020இல் வந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அதற்காக மட்டும் வாங்குபவர்கள் ஏமாறக்கூடும்.

தைராக்சின் மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் ஆகிய ஆன்டிபயாடிக் மருந்துகளை எடுக்கும் நாட்களில் அவற்றை முதலில் போட்டு, குறைந்தது 2 மணி நேரம் கழித்து மக்னீசியம் போடுங்கள். சேர்த்து விழுங்கினால் மக்னீசியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், தொற்று குறையாது. சிறுநீரகம் பழுதானவர்கள் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

பான்டோபிரசோல், ஒமெபிரசோல் போன்ற, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை ஒரு வருடத்துக்கு மேல் விடாமல் போடுபவர்களுக்கும், சிறுநீர் பெருக்கி எடுப்பவர்களுக்கும் மக்னீசியம் உண்மையிலேயே இறங்கலாம். இவர்கள் கடைக்குப் போகும் முன் மருத்துவரிடம் சீரம் மக்னீசியம் சோதனை கேளுங்கள். உடம்பின் மக்னீசியத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே ரத்தத்தில் இருப்பதால், அறிக்கை நார்மல் என்று வந்தாலும் உள்ளே குறை இருக்கலாம். எடுத்துவரும் மாத்திரைகளின் பட்டியலையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.