மாடியில் 3 கிலோவாட் சோலார்: போட்ட காசு வருமா?

எங்கள் மொட்டை மாடியில் சோலார் போட்டு ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பார்த்தாகிவிட்டது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடு என்றால் போடுங்கள், 200 யூனிட்டுக்குள் அடங்கிவிடுகிற வீடா, விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம், அதற்கடுத்த யூனிட்டுகளும் மலிவுதான், அங்கே மிச்சப்படுத்த என்ன இருக்கிறது? மேல் ஸ்லாப் (விலை கூடுதலான கட்டண அடுக்கு) யூனிட்டுகள் குறையும்போதுதான் பணம் திரும்புகிறது.

ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும் என்பது பொதுக் கணக்கு. வெயிலில் அது சரியாக வந்தது, ஐப்பசி அடைமழையில் பாதிகூட இல்லை. செலவு இரண்டு லட்சத்தை ஒட்டி ஆனது. மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்ட மானியம் 78,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்கு வந்தது, ஆனால் முழுத்தொகையையும் முதலில் நாம்தான் புரட்ட வேண்டும்.

பொருத்திய பையன்கள் வேலை சுத்தம். விற்க வந்தவர் சொன்ன 'போட்ட காசை மூணே வருஷத்துல எடுத்துடலாம் சார்' என்பதை மட்டும் நம்ப வேண்டாம், என் கணக்கில் நான்கைந்து வருஷம். கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும் என்பதற்கு அவர் வாயே திறக்கவில்லை (லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதென்று இன்வெர்ட்டர் தானாக அணைந்துவிடும், பேட்டரி வேண்டுமென்றால் தனிச் செலவு). அப்புறம் தண்ணீர்த் தொட்டி. மூன்று மணிக்கு மேல் அதன் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்தாலே மொபைல் ஆப்பில் உற்பத்தியைக் காட்டும் கோடு சட்டென்று இறங்குகிறது. அளவெடுக்க வருபவரைக் காலையில் மட்டுமல்ல, சாயங்காலமும் ஒருமுறை மாடிக்கு வரச் சொல்லுங்கள்.