கிரே கோஸ்ட்: பனி உடைந்ததும் முதலில் கட்ட வேண்டிய ஃப்ளை

அமெரிக்காவின் மெய்ன் மாநில ஏரிகளில் பனி உருகியதும் ஸ்மெல்ட் என்னும் சிறு மீன்கள் முட்டையிட ஓடைவாய்க்கு வரும். அவற்றைத் தின்ன சால்மனும் புரூக் டிரவுட்டும் பின்னாலேயே வரும். அந்தச் சில வாரங்களுக்கு கிரே கோஸ்ட்டைவிட நல்ல ஃப்ளை (கொக்கியில் இறகும் இழையும் கட்டிச் செய்யும் போலி இரை) இல்லை. மெய்னில் ஃப்ளை கட்டிய கேரி ஸ்டீவன்ஸ், கொக்கியைப் பிடித்துக்கொள்ளும் பிடிகருவி இல்லாமல் விரல்களிலேயே கட்டிய வடிவம் இது.

வாங்கும்போது முதலில் உடலைப் பாருங்கள். ஆரஞ்சு இழை ஒல்லியாக, மேடுபள்ளமின்றி, வெள்ளி டின்சல் (மினுங்கும் பட்டை இழை) சுற்றுகள் சம இடைவெளியில் இருக்க வேண்டும். உடல் பருத்தால் ஸ்மெல்ட்டின் மெலிந்த வடிவம் போய்விடும். இறக்கைக்கு நான்கு சாம்பல் சேவல் இறகுகள். கொக்கி வளைவைத் தாண்டி மிக நீண்டால் அதிலேயே சுற்றிக்கொண்டு ஃப்ளை சுழலும். இறக்கை, தோள் (இறக்கையின் முன்பகுதியை மூடும் இறகு), கன்னம் (அதன்மேல் வரும் சிறு இறகு) மூன்றையும் முன்கூட்டியே ஒட்டிக் கட்டியதே நிலைக்கும். மற்றவை இழுவையில் விரிந்துவிடும்.

கன்னத்தில் பளபளப்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு. இங்கே அது சட்டப் பாதுகாப்பிலுள்ள பறவை. பண்ணை இறகோ செயற்கை இறகோ போதும்.

4-ஆம் எண் கொக்கியில் தொடங்கலாம். குளிர்ந்த நீரில் மீன் துரத்தாது, மெதுவாக இழுங்கள்.