'இரண்டே நாளில் இயற்கைக் குளம்' பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்...

தோட்டத்தில் ஒரு சின்னக் குளம், அதில் வந்து விழ ஒரு சிற்றோடை. ஆள் வைக்காமல் நாமே கட்டப் பழகலாமே என்று இரண்டு நாள் செய்முறைப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். நடத்தியவர் பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் போனபோதே குழி தோண்டி, தண்ணீர் மண்ணில் இறங்காமல் தடுக்கும் ஷீட் விரித்துத் தயாராக இருந்தது. அப்போ எங்களுக்கு என்ன செய்முறை? கல் சுமந்தோம். எந்தக் கல்லைப் படுக்க வைத்தால் அழகு, எதை நிறுத்தினால் அழகு என்பதிலேயே முதல் நாள் போனது. கரை மட்டத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். "கண்ணால் பார்த்தாலே தெரியும் சார்" என்றார். மறுநாள் மாலை தண்ணீர் நிரப்பி, பம்பைப் போட்டு, எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். முடிந்தது பயிற்சி. புதிதாக நிரப்பிய குளம், யார் கட்டினாலும் அன்றைக்குக் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஷீட், பம்ப், நாலு ஆகாயத்தாமரைச் செடி எல்லாம் அவரிடமே வாங்க வேண்டும் என்பது நிபந்தனை.

வீட்டில் கட்டி நிரப்பிய மறுநாள் காலை, தண்ணீர் மூன்று விரற்கடை இறங்கியிருந்தது. போன் செய்தால், "வெயிலுக்கு ஆவியாகும் சார்." ராத்திரியிலா? சரி என்று மறுபடி நிரப்பி, ஒரு வாளித் தண்ணீரைக் குளத்தின் ஓரப் படியில் பாதி அமிழ வைத்து, இரண்டிலும் கோடு போட்டேன். ஆவியாவதென்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு இறங்க வேண்டும். விடிந்து பார்த்தால் வாளியில் நூலளவு, குளத்தில் அதே மூன்று விரல். அடுத்து பம்பை நிறுத்திப் பார்த்தேன். அப்போது இறக்கம் நின்றுவிட்டால் கோளாறு ஓடைப் பக்கம் என்று அர்த்தம். எனக்கு நிற்கவில்லை. ஒரு மட்டம் வந்த பிறகுதான் நின்றது.

அந்த மட்டத்தை ஒட்டிக் கரையைச் சுற்றிலும் கையால் தடவிக்கொண்டே வந்தேன். ஒரு மூலையில் கல்லுக்கு அடியில் மண் சொதசொதவென்று இருந்தது. பயிற்சியில் செய்தபடியே, ஷீட்டின் விளிம்பைக் கல்லுக்கு அடியில் படுக்கையாக மடித்திருந்தேன். வெளிமண் அதன்மேல் ஏறித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்படித் தொட்டுவிட்டால் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் மண் இழுத்துக்கொண்டே இருக்கும். விளிம்பைக் கல்லுக்குப் பின்னால் செங்குத்தாக நிறுத்தி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே கொண்டுவந்து விட வேண்டும். குளம் கட்டுவதில் பாதி வித்தை இதுதான். இரண்டு நாளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பம்ப் இன்னொரு கூத்து. அட்டையில் மணிக்கு 3,000 லிட்டர். தண்ணீரை மேலே தூக்காதபோது வருகிற கணக்கு அது. பொடி எழுத்தில் 'அதிகபட்ச உயரம் 2 மீட்டர்' என்றிருந்தது. அந்த உயரத்தில் ஒரு சொட்டும் ஏறாது. என் ஓடை ஒன்றரை மீட்டரில் தொடங்குகிறது. மூக்கு ஒழுகுவதுபோல் வந்தது.

மீன் விஷயத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை. கல் இடுக்கில் சிமெண்ட் பூசச் சொல்லி, மறுநாளே மீன் விடலாம் என்றார். புது சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து தண்ணீரின் பிஎச், அதாவது காரத்தன்மை, ஏறும்; மீன் தாங்காது. போதாததற்கு, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சைச் சிதைக்கும் பாக்டீரியா புதுக் குளத்தில் பெருகவே 4 முதல் 6 வாரம் ஆகும். ஆறு மீன் விட்டேன். ஐந்தாம் நாள் ஒன்றுகூட இல்லை. ஆகாயத்தாமரை மட்டும் அமோகமாகப் பரவியது. அதை வாரிப் போடுவதே தனி வேலையாகிவிட்டது.

கேட்டதற்கு, "நாங்கள் சொன்னபடி நீங்கள் கட்டவில்லை" என்று பதில். அன்று இரவே வாட்ஸாப் குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள்.

இப்படி ஒரு பயிற்சியில் சேர நினைத்தால், அவர்கள் கட்டி ஒரு வருஷமாவது ஆன குளத்தைக் காட்டச் சொல்லுங்கள். படம் வேண்டாம், நேரில். வெறும் தரையில் தொடங்கி, ரசமட்டமோ டியூபில் தண்ணீரோ வைத்து மட்டம் பார்ப்பதை உங்கள் கையால் செய்ய விடுவார்களா என்று கேளுங்கள். நழுவினால் நீங்களும் நழுவிவிடுங்கள்.

நான் எல்லாவற்றையும் பிரித்து, கனமான ரப்பர் ஷீட் போட்டு மறுபடி கட்டினேன். அவர் விற்ற ஷீட்டை இப்போது பழைய சைக்கிளுக்குப் போர்த்தியிருக்கிறேன். அங்கேயும் ஒழுகுகிறது.