ஃபுளோரன்ஸ் உடையும் வெனிஸ் உடையும்: யாருடைய பெருமையை உடுத்தினார்கள்?

மறுமலர்ச்சிக் கால உடை என்றதும் கனத்த வெல்வெட், பொன் சரிகை, கழுத்தில் முத்து என்று ஒரே படம்தான் பலர் மனதில் வருகிறது. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலிய நகரங்களான ஃபுளோரன்ஸையும் வெனிஸையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் அந்தப் படம் கலைந்துவிடும். இரண்டும் பட்டு நெசவில் பேர்போன ஊர்கள். ஆனால் ஃபுளோரன்ஸில் உடை குடும்பத்தின் பெருமையைப் பேசியது. வெனிஸில் அரசின் பெருமையை.

ஆண்களைப் பொறுத்தவரை என் ஓட்டு வெனிஸுக்கு. அங்கே பிரபுக்குலத்து ஆண், வெனிஸை ஆண்ட பிரபுக்களின் பெரிய சபையில் அமரும் வயது வந்ததும், கணுக்கால் வரை தொங்கும் கறுப்பு அங்கிக்கு மாறிவிடுவார். கப்பல் கப்பலாகச் சரக்கு வைத்திருப்பவருக்கும் நொடித்துப்போன பிரபுவுக்கும் ஒரே அங்கிதான். சிவப்பு வேண்டுமென்றால் செனட்டர் போன்ற பதவி வேண்டும். ஃபுளோரன்ஸிலும் குடிமக்களுக்கு லுக்கோ என்ற நீண்ட அங்கி உண்டு. ஆனால் செல்வத்தை இந்த அளவுக்கு மறைக்கும் கட்டுப்பாடு அங்கே இல்லை.

பெண்கள் உடையில்தான் விஷயம் சூடு பிடிக்கிறது. 1447இல் ஃபுளோரன்ஸின் பழம்பெரும் குடும்பமொன்றைச் சேர்ந்த அலெஸ்ஸாண்ட்ரா ஸ்ட்ரோத்ஸி, நேப்பிள்ஸில் இருந்த மகனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. மகள் கத்தரீனாவுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. வரதட்சணை 1,000 ஃபுளோரின் (ஃபுளோரன்ஸின் பொற்காசு). மாப்பிள்ளை மார்க்கோ பரேந்தி பட்டு வியாபாரி. பெண்ணுக்குக் கருஞ்சிவப்பு வெல்வெட்டில் உடை தைக்கச் சொல்லிவிட்டார். முத்து வைத்த இறகு மாலை ஒன்று தலைக்கு. அதற்கு மட்டும் 80 ஃபுளோரின். வெளியே கிளம்பும்போது மகள் உடம்பில் 400 ஃபுளோரினுக்கு மேல் இருக்கும் என்று தாய் பூரிப்போடு கணக்குச் சொல்கிறார். பரேந்தி குடும்பத்திடம் பணம் இருந்தது, ஸ்ட்ரோத்ஸி அளவுக்குப் பழம்பெருமை இல்லை. அந்தக் குறையை அந்த வெல்வெட் ஈடுகட்டியது. கணவன் தரும் இத்தகைய உடைகள் பொதுவாகக் கணவன் சொத்தாகவே இருந்தன என்பதுதான் மனதை உறுத்துகிறது. பெண் அணிந்தாள், ஆனால் அது அவளுடையதல்ல.

வெனிஸ் பெண்களின் பெரிய அடையாளம் சோப்பின் என்ற கட்டைச் செருப்பு. மரத்தாலோ தக்கையாலோ செய்த அடிப்பாகம் சிலவற்றில் அரை மீட்டர் வரை உயரும். அதைப் போட்டுக்கொண்டு தனியாக நடக்க முடியாது. பணிப்பெண்ணின் தோளைப் பிடித்தாக வேண்டும். கூடவே பொன்னிறக் கூந்தல் மோகம்: மொட்டை மாடியில், உச்சி திறந்த அகன்ற தொப்பிக்கு மேல் கூந்தலைப் பரப்பி, வெளுப்பு நீர் தடவி வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். பார்வைக்குக் கம்பீரம்தான். ஆனால் உடம்பை இவ்வளவு வதைக்கும் அழகை என்னால் ரசிக்க முடியவில்லை.

தையலின் நேர்த்தியை நெருங்கிப் பார்க்க ஃபுளோரன்ஸ்தான் சரியான இடம். 1562இல் இறந்த ஃபுளோரன்ஸ் ஆட்சியாளரின் மனைவி எலியனோரா தி தொலேதோவின் அடக்க உடை, 1857இல் கல்லறையைத் திறந்தபோது கிடைத்தது. ஓரமெல்லாம் வெல்வெட் பட்டை வைத்த சாட்டின், பின்னிய சிவப்புப் பட்டுக் காலுறை. ப்ரொன்சினோ தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில் உள்ள உடைதான் இது என்று வெகுகாலம் நம்பினார்கள். சிதைந்த துணியைப் பல ஆண்டுகள் செப்பனிட்ட பிறகு, இது வேறு உடை என்று தெளிவானது.

ஆடம்பரத் தடைச் சட்டங்கள் இரண்டு ஊரிலும் இருந்தன. வெனிஸ் அதற்கென்று தனி அதிகாரிகளையே வைத்தது; முத்துக்கும் சரிகைக்கும் வரம்பு போட்டது. ஆனால் 1574இல் பிரான்ஸ் மன்னர் மூன்றாம் ஹென்றி விருந்தாளியாக வந்தபோது, அதே அரசு அந்தச் சட்டங்களைத் தளர்த்தியது. வெள்ளை உடையில், நகை பூட்டிய ஏறத்தாழ 200 பிரபுக்குலப் பெண்களை விருந்தில் மன்னர் முன் அமர வைத்தது.