செகீயா, துர்ருத்தியா?

ஸ்பெயின் அனார்க்கிஸ்டுகள் (அரசு என்ற அமைப்பே கூடாது என்பவர்கள்) என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவர் துர்ருத்திதான். எனக்கு சல்வடோர் செகீ ஒரு படி மேல்.

செகீ வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலாளி. 1919இல் பார்சிலோனாவின் மின் நிறுவனமான 'லா கனாதியென்ஸ்'ஸில் சில ஊழியர்களை நீக்கியதும் வேலைநிறுத்தம் வெடித்தது, நகரமே இருண்டது. 44 நாள் கழித்து, காளைச் சண்டை அரங்கில் கொதித்துக்கொண்டிருந்த கூட்டத்தை வேலைக்குத் திரும்பச் சம்மதிக்க வைத்தவர் செகீ. துப்பாக்கி எடுப்பதைவிட அதற்குத் துணிச்சல் அதிகம் வேண்டும். சிறையில் இருந்தவர்களை அரசு விடுவிக்காததால் போராட்டம் மறுபடி மூண்டது, அது வேறு விஷயம். ஆனால் ஏப்ரலில் எட்டு மணி நேர வேலைக்கான ஆணை வந்தது.

துர்ருத்தி லெயோனைச் சேர்ந்த ரயில்வே மெக்கானிக். அவர் வழி ஆயுதம், வங்கிக் கொள்ளை, நாடுகடந்த வாழ்க்கை. அப்புறம் 1936இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் அரகோன் போர்முனை.

இருவரும் சி.என்.டி. என்ற ஒரே அனார்க்கிஸ்ட் தொழிற்சங்கத்தினர். 1923 மார்ச்சில் முதலாளிகளின் கூலிப்படை செகீயைத் தெருவில் சுட்டுக் கொன்றது. துர்ருத்தியின் குழு அந்த ஜூனிலேயே சரகோசா நகரின் கார்டினலை (கத்தோலிக்க உயர் மதகுரு) கொன்று பதிலடி கொடுத்தது. செப்டம்பரில் ராணுவ ஆட்சி வந்துவிட்டது.

துர்ருத்தி 1936 நவம்பரில் மாட்ரிட்டில் குண்டடிபட்டு இறந்தார். சுட்டது யார் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.