பணிவா, தாழ்வு மனப்பான்மையா?

வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலில், புல் செதுக்கிச் சுத்தம் செய்யும் உழவாரப்பணியில் இரண்டு பேரைக் கவனித்தேன். ஒருவர், "நான் வெறும் தூசிங்க" என்று பத்துத் தடவை சொன்னார். சொல்லிவிட்டு, யாராவது மறுப்பார்களா என்று முகம் பார்த்தார். (நானும் அந்த ரகம்தான்.) இன்னொருவர் பேசாமல் புல் செதுக்கினார். பாராட்டினால், "ஆமாங்க, நல்லா வந்திருக்கு" என்றார். அதில் கர்வம் தெரியவில்லை.

எனக்கு அப்பர் நினைவுக்கு வந்தார். உழவாரப்படை என்ற செதுக்குக் கருவியோடு கோயில் கோயிலாகப் புல் செதுக்கியவர் அவர். பல்லவ மன்னன் ஆள் அனுப்பியபோது, 'வர முடியாது' என்று மறுத்தவரும் அவரேதான். சிவனுக்கு ஆளானவர் என்ற நினைப்பிலிருந்தே அந்தக் குனிவும் வந்தது, நிமிர்வும் வந்தது. தூசிக்காரரோ தராசில் ஓயாமல் தன்னையே நிறுத்துக்கொண்டிருந்தார், எடையைக் குறைத்து.

சரி, மறுநாள் புல் செதுக்கியவர் மண்வெட்டியோடு வந்தார். தூசிக்காரருக்கு முதுகுவலியாம்.